தலையணைக்கு அடியில் வெள்ளிக் காசு

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய சில வருஷங்கள், மலையூரான வட்டக்கானலில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலை எனக்கு. எனக்கு முன்னால் இருந்த பெண்ணை, கட்டில் அடியில் மோதிரத்தைப் போட்டுவைத்துச் சோதித்துத்தான் விடுதிக்காரம்மா வேலையை விட்டு நிறுத்தினார் என்று கேள்வி. அதனால் அறையில் எது கிடந்தாலும் எனக்கு முதலில் பயம்தான் வரும்.

பத்து நாள் தங்கியிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒரு காலையில் கிளம்பிப் போனார். படுக்கை விரிப்பை உருவப் போனால், தலையணைக்கு அடியில் பெரிய வெள்ளிக் காசு. ஒரு பக்கம் வெள்ளைக்கார ராணி முகம். மறுபக்கம் பாய்மரக் கப்பல், கரையில் கொடி நடும் ஆட்கள்.

வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை. தொடாமல் போய் விடுதிக்காரம்மாவைக் கூட்டிவந்தேன்.

“அக்கா, நீங்களே எடுங்க. நான் கை வைக்கல.”

அவர் காசைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். “இது மட்டுந்தான் கெடந்துச்சா?”

எனக்குச் சுருக்கென்றது. “அவருகிட்டயே கேட்டுருவோம்க்கா. பஸ் ஸ்டாண்டுலதான் நிப்பாரு. வெரசா வாங்க” என்று நானே முதலில் விடுதி ஜீப்பில் ஏறினேன். விடுதிக்காரம்மா காசை எடுத்துக்கொண்டு வந்தார்.

மதுரை பஸ் பக்கத்தில் நின்றவர் காசைக் கண்டதும் சிரித்து என்னைக் காட்டினார். இங்கிலீஷில் நிறையப் பேசினார். விடுதிக்காரம்மா சொன்னதோ இவ்வளவுதான்: “ஒனக்குத்தானாம். அவரு ஊரு உண்டானதக் கொண்டாட அடிச்ச காசாம்.”

எதையோ மறைக்கிறார் என்று பட்டது. “வேற என்னமோ சொன்னாரே?”

“அவரு பாட்டனுக்குப் பாட்டன் அந்தக் கப்பல்ல வந்தவராம். அங்க ஏற்கெனவே இருந்த சனங்கள வெரட்டிட்டுத்தான் ஊரு கட்டுனாங்களாம். வச்சுக்க மனசு வரலையாம்.”

“அவருக்கே மனசு வராதது எனக்கு எதுக்கு?”

அதை விடுதிக்காரம்மா இங்கிலீஷில் சொன்னாரோ, வேறு எதையாவது சொன்னாரோ. கிழவரின் முகம் சிவந்தது. விடுதிக்காரம்மாவிடமிருந்து காசை வாங்கிக் கிழவர் கையில் வைத்தேன். மறுக்காமல் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு பஸ் ஏறினார்.

திரும்பும்போது விடுதிக்காரம்மா, “சாப்புட்டியா?” என்றார். அதுவரை ஒருநாளும் கேட்டதில்லை. இதில் என்ன உள்நோக்கமோ என்றுதான் எனக்குத் தோன்றியது. “இன்னும் ரெண்டு ரூம் கெடக்குக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு அவர் என்னைச் சந்தேகப்படவே இல்லை. எனக்குத்தான் அவர்மேல் நம்பிக்கை வரவில்லை. ஒரு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் ஆள் கேட்கிறார்கள் என்றதும் போய்ச் சேர்ந்துவிட்டேன்.