பொன்னி வரும் பாதை

ராத்திரிக் காவலில் திருடன் வருவது அபூர்வம். வராத திருடனுக்காக விழித்திருக்கத்தான் சம்பளம். ஊர் தூங்கக் கண் விழிக்கும் தோழர்களே, உங்களுக்குத் தெரியாததா? ஐம்பதுகளின் நடுவில் நான் காத்தது மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிப் பக்கம் ஒரு மிளகுக் கிடங்கு. துணைக்கு, பழைய கப்பல் சாமான் கடையில் வாங்கிய பித்தளைத் தொலைநோக்கியும், வாயனசாலை என்கிற ஊர்ப் படிப்பகத்தில் எழுத்துக்கூட்டிப் படித்த வான சாஸ்திரமும்.

சேட் இறங்கி வந்தார்

மணிக்கொரு தரம் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். மாடியில் தூங்கும் முதலாளி சேட்டுக்கு அதுதான் தாலாட்டு. ஒரு நாள் சிம்ம ராசிப் பக்கம், நட்சத்திரப் படத்தில் இல்லாத ஒரு புள்ளி தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றதில் அடிக்க மறந்துபோனேன். சத்தம் இல்லாததால் சேட் விழித்துத் தடியோடு இறங்கி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். அவரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"முத்தையா, திருடன் கூரை வழியா வருவான். அவ்வளவு உசரத்திலேர்ந்து வரமாட்டான். மணியை அடி, எனக்குத் தூக்கம் வரணும்."

வெள்ளை மிளகு

புள்ளி நகர்கிறதா என்று தெரிய வேண்டும். விளக்கேற்றிப் படம் வரைந்தால் கண் கூசி, அப்புறம் வானமே தெரியாது. அதனால் இருட்டிலேயே தராசுப் பலகை மேல் மிளகு வைத்தேன். நட்சத்திரங்களுக்குக் கறுப்பு, சந்தேகப் புள்ளிக்கு வெள்ளை. வெள்ளை மிளகு வழுவழுவென்று இருக்கும், விரலே சொல்லிவிடும். மறுநாள் வேலைக்கு வந்தால் பலகை துப்புரவாகக் கிடக்கிறது. மிளகு புடைக்கும் மாதவி அப்போதுதான் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அண்ணன் என்ற முறையில் என்னைச் சேட்டன் என்றுதான் கூப்பிடுவாள். அவளிடம் கேட்டேன்.

"சேட்டனோட ஆகாசத்தைச் சாக்குல கொட்டியாச்சு. லண்டன் சரக்கு. இனி அங்கே போய்த் தேடணும்."

எடுத்துவைத்த பேர்

அதன் பிறகு மாதவியே பலகையை முறத்தால் மூடி வைப்பாள். நாலைந்து ராத்திரியில் கறுப்பெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, வெள்ளை மட்டும் மேற்கே தள்ளிப்போயிருந்தது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சூரியனைச் சுற்றும் குறுங்கோள்கள் இப்படி நகரும் என்றும், கண்டவனுக்கே பேர் வைக்கும் பாத்தியதை என்றும் படித்திருந்தேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் என் மனைவி செல்லம்மா, பிறக்கப்போகும் பெண்ணுக்கு என்று ஒரு பேர் எடுத்துவைத்திருந்தாள்: பொன்னி. அதை வாய்விட்டுச் சொல்லி வெகுகாலமாகியிருந்தது. காலையில் சாயா ஆற்றிக்கொண்டிருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னேன். என்ன பேர் என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தம்ளரைக் கீழே வைத்தாள்.

"வெளையாட்டுக்குச் சொல்லலையே? அப்புறம் இல்லேன்னா என்னால தாங்க முடியாது."

பழம்பொரி

அந்தப் பயத்தோடுதான் வாயனசாலைக்கு வரும் வர்கீஸ் மாஷிடம் போனேன். கல்லூரியில் பௌதிகம் சொல்லிக்கொடுப்பவர். தடித்த புத்தகங்களைப் புரட்டிவிட்டு, என்னைச் சாயாக்கடைக்கு அழைத்துப்போனார். கேட்காமலே பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி, வாங்கிக்கொடுத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. அதன் பேர் வெஸ்டா. ரோமாபுரிக்காரர்களின் அடுப்புத் தெய்வம். கண்டவர் ஒரு ஜெர்மன் டாக்டர். அவரும் தானே பேர் வைக்காமல், அதன் பாதையைக் கணக்குப் போட்டவருக்கு விட்டுக்கொடுத்தாராம்.

"அண்ணாச்சி, நீங்க பார்த்தது நெசம். நூத்தம்பது வருஷம் பிந்திப்போச்சு, அவ்வளவுதான்."

வீட்டில் கூப்பிடுவது

அன்று செல்லம்மாவையும் வேலைக்குக் கூட்டிப்போனேன். இருட்டியதும் தொலைநோக்கியைப் பிடித்துக் காட்டிக்கொண்டே மாஷ் சொன்னதையெல்லாம் சொன்னேன். சூரியனைச் சுற்றிவர மூன்றரை வருஷத்துக்குச் சற்று மேலே ஆகும், ஆனால் ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு தரம் நம் பக்கம் வந்து இப்படிப் பளிச்சென்று நிற்கும் என்றேன். அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கண்ணை எடுக்கவே இல்லை.

"பள்ளிக்கூடத்துல என்ன பேரு வேணா எழுதிக்கட்டும். அடுப்படிச் சாமின்னா நம்ம வீட்டுப் பிள்ளைதானே? வீட்ல கூப்பிடறது பொன்னி."

அன்றிலிருந்து அறுபதுகள் முடியும் வரை, கட்டிக்கொடுத்த மகளை எதிர்பார்ப்பவர்கள்போல அது வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் கிடங்கு வாசலில் நின்றோம், பாவம் சேட்தான் மணிச்சத்தம் கேட்காமல் மாடியில் புரண்டுகொண்டிருந்தார்.