அந்த ‘சூ’ யாருடையது?

மெட்டுப் போடுகிற தொழிலில் கைதட்டல் வருகிறதோ இல்லையோ, “இது எந்தப் படம்?” என்ற கேள்வி தவறாமல் வந்துவிடும்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுண் ரத வீதியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்த கேசட் ரெக்கார்டிங் சென்டரில் நான் கீபோர்டு வாசித்தேன். முதலாளி சங்கரலிங்கம் அண்ணாச்சி, சுத்த சைவம். எதிரொலி வராமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்ட வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மனுஷன் மூன்று நாள் தூங்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு அட்டைக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கண்ணை மூடிக்கொண்டு ஒட்டினார். அந்த மஞ்சள் அறைக்குள் உட்கார்ந்துதான் அம்மன் கோயில் கொடைத் திருவிழாப் பாட்டு, கடை விளம்பரம், கல்யாண வாழ்த்து எல்லாம் அடித்துத் தள்ளினோம். சினிமா மெட்டை எடுப்போம், காதலி இருந்த இடத்தில் அம்மனை வைப்போம், வேலை முடிந்தது. இதே பிழைப்புப் பிழைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், உங்கள் வயிற்றெரிச்சலும் என் வயிற்றெரிச்சலும் ஒன்றுதான், வாருங்கள்.

குத்துவிளக்கு

பாத்திரக்கடைக்காரர் ஒருவர் விளம்பரப் பாட்டுக்கு வந்தார். அப்போது ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருந்த ஒரு சினிமாப் பாட்டை வாயாலேயே பாடிக் காட்டி, “இதே மெட்டுல ‘எவர்சில்வர் வாங்கலாம் வாங்க’ன்னு வரணும்” என்றார். எனக்கு அன்றைக்கு என்ன வேகமோ, “அண்ணாச்சி, அந்த மெட்டு மெட்ராஸ்ல ஒருத்தர் மண்டையை உடைச்சுப் போட்டது. அதை அப்படியே எடுக்கது திருட்டுல்லா? நான் புதுசாவே ஒண்ணு போட்டுத் தாரேன்” என்று நியாயம் பேசினேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார்: “என் கடையில இருந்து ஒருத்தன் குத்துவிளக்கை எடுத்துட்டுப் போனா, அங்கன விளக்கு இருக்காது. அது திருட்டு. அவரு மெட்டை நாம எடுத்தா, அது அவருகிட்ட அப்படியேதான்வே இருக்கு!”

நல்ல படம்

அந்த வீறாப்பில் ராத்திரி பகலாக உட்கார்ந்து சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டேன். கேசட் அட்டையில் ‘இசை: காந்திமதிநாதன்’ என்று என் பெயர் வர வேண்டும், அவ்வளவுதான் ஆசை. நாற்பது கேசட்டுக்கு மேல் வாசித்திருந்தேன். ஒன்றில்கூட என் பெயர் கிடையாது. முதலாளி அண்ணாச்சியிடம் கேட்டபோது கேலியாக ஒரு பந்தயம் வைத்தார். “வாடிக்கையாளர் ஒருத்தராவது ‘எந்தப் படம்?’னு கேக்காத மெட்டு ஒண்ணு போடும். அன்னைக்கே உம்ம பேரை அட்டையில அடிக்கேன்.”

கோயில் தர்மகர்த்தா ஒருவர் வந்திருந்தார். என் மெட்டைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டார். தலை ஆடியது, தொடையில் தாளம் விழுந்தது. பாட்டு முடிந்ததும் நானே முந்திக்கொண்டு, “இது படம் இல்ல ஐயா, என் சொந்த மெட்டு” என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே சிரித்தார். “சும்மா சொல்லப்பிடாது. படம் பேருதான் ஞாபகம் வரல. ஆனா நல்ல படம்வே!”

பாகு முறிந்த சத்தம்

இந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் வந்து சேர்ந்தான். ஆளைச் சொல்லவில்லை, கீபோர்டைச் சொல்கிறேன். அண்ணாச்சியின் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டு வந்தது. எந்தச் சத்தத்தைக் காட்டினாலும் இரண்டு விநாடி விழுங்கிக்கொள்ளும். அப்புறம் கட்டையை அழுத்தினால், அதே சத்தத்தை ஸரிகமபதநியில் துப்பும்! எனக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு டவுண் முழுக்க அலைந்தேன். கண்டக்டர் விசில், தறிச் சத்தம், சோடாக் கோலி, தேங்காய் உடைகிற சத்தம், எதையும் விட்டுவைக்கவில்லை. நாய் குரைப்பில் ஆரோகணம் அவரோகணம் வாசித்தேன். அண்ணாச்சி வாயைப் பிளந்துவிட்டார்.

அல்வாக்கடையில் கொப்பரையில் கரண்டி உரசும் ‘சரக் சரக்’கைப் பிடித்து, அதையே தாளமாக வைத்து ஒரு பாட்டுச் செய்தேன். பெருமை தாங்காமல் அந்த அல்வா மாஸ்டரையே கூட்டிவந்து போட்டுக் காட்டினேன். அவர் கேட்கக் கேட்க முகம் கறுத்தது. சரி, என் கரண்டியை எப்படி எடுக்கலாம் என்று சண்டைக்கு வரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பைய எழுந்து என் காதருகே வந்தார். “தம்பி, சத்தத்தை நல்லா எடுத்துக்கிடும். ஆனா இது நான் கிளறுத சத்தம் இல்ல, பாகு முறிஞ்ச அன்னைக்கு உள்ள சத்தம். நாளைக்கு வாரும், நல்ல பதத்துல தாரேன். என் பேரைக் கெடுத்துராதீரும்!”

தாயேய்... சூ!

எனக்கு வீடு தச்சநல்லூரில். எங்கள் தெரு சைவத் தெரு. பின்தெருவில் தினமும் காலையில் ஒரு பெண்குரல் கேட்கும். “தாயேய்ய்ய்...” என்று அடிவயிற்றிலிருந்து கிளம்பி, மேல் ஸ்தாயியில் போய் ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கும். எந்தப் பாடகிக்கும் அந்தக் குலுக்கு வராது! யாரோ உப்பு விற்கிறவள், வீட்டம்மாக்களை ‘தாயே’ என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் மொட்டை மாடியிலிருந்து மைக்கைக் கீழே தொங்கவிட்டுப் பிடித்துவிட்டேன். ஆனால் அன்றைக்கு அந்தக் குரல் ‘தாயேய்’ முடிந்த கையோடு, பட்டென்று “சூ!” என்றது. அந்த வாலை வெட்டிவிடலாம் என்று பார்த்தால் முடியவில்லை. கீபோர்டோடு வந்த புத்தகம் ஜப்பான் மொழியில் இருந்தது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ‘சூ’வையும் தாளத்துக்குள் இழுத்துப் போட்டேன். தாயேய்ய்ய்... சூ! தாயேய்ய்ய்... சூ! எனக்கே புல்லரித்தது.

தர்மகர்த்தா மறுபடி வந்தார். பாட்டு ஓடியது. அவர் கண்ணை மூடவில்லை, தொடையைத் தட்டவில்லை, சிலையாக உட்கார்ந்திருந்தார். நான் அண்ணாச்சியைப் பார்த்தேன், அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். “எந்த ஊரு அம்மன்வே இது?” என்றார். எந்தப் படம் என்று கேட்கவில்லை! அண்ணாச்சி அங்கேயே அச்சாபீசுக்கு ஆள் அனுப்பினார். “தோத்துட்டேன்வே. இனிஷியலைச் சொல்லும்!”

உச்சிக் கொடை

கேசட் வந்ததும் என் மனைவி அதைப் பூஜை அலமாரியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் கற்பூரம் காட்ட ஆரம்பித்தாள். அது நியாயமா என்று பின்னால் சொல்கிறேன். பாட்டு பஸ்ஸெல்லாம் ஓடியது. டவுண் பஸ் கண்டக்டர் ஒருவர் விசில் ஊதுவதை விட்டுவிட்டு, “சூ!” என்று சொல்லி வண்டியை எடுத்தார். டிரைவரும் எடுத்தார்! நான் அதே பஸ்ஸில், என் பெயர் அச்சடித்த கேசட்டைச் சட்டைப் பையில் வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் கொடைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நல்ல உச்சி வெயில். ஸ்பீக்கரில் என் பாட்டு. ‘தாயேய்’ வரைக்கும் சாமியாடி சாதுவாக நின்றார். ‘சூ’ விழுந்ததும் ஒரே குதி! வேப்பிலை பறந்தது, குலவை காதைப் பிளந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விழாக்காரர் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “மத்த பாட்டுக்கு சாமி யோசிச்சு யோசிச்சுத்தான் வரும். உம்ம ‘சூ’வுக்கு செருப்பைக்கூட கழத்தவிடாம வந்துட்டுவே!”

பீஜாட்சரம்

ஆறே மாதம். வெளியூர்க் கேசட்டு ஒன்று சந்தைக்கு வந்தது. என் மெட்டு, என் தாளம்! ஒரு பாடகி முறையாகச் சங்கீதம் படித்த தொண்டையில், “தாயேய்ய்ய்... சூ!” என்று பக்தி ததும்பப் பாடியிருந்தாள். அட்டையில் ‘இசை’ என்று வேறு ஒருவர் பெயர். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. மெட்டுக்கூட ஒருத்தன் தற்செயலாகப் போடலாம், ‘சூ’ எப்படி அய்யா தற்செயலாக வரும்? அது நான் வெட்டத் தெரியாமல் விட்ட வால்!

எஸ்டிடி பூத்துக்கு ஓடி, அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். எடுத்தவர் அந்த இசையமைப்பாளரே. “திருட்டுப் பயலே” என்று ஆரம்பித்த நான், ‘சூ’ எங்கிருந்து வந்தது என்று சொல்லட்டும் பார்ப்போம் என்று கத்தினேன். பூத்துக்கு வெளியே கூட்டம் கூடிவிட்டது. மறுமுனையில் அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. “சார், ‘சூ’ங்கறது அம்பாளோட பீஜாட்சரம், மந்திரத்தோட விதை எழுத்து. ரிஷிகள் கொடுத்தது. அது உங்களுக்கு மட்டும் எப்படி சார் சொந்தமாகும்?”

எந்தக் கேசட்டு?

மறுநாள் நான் அண்ணாச்சியிடம் கோர்ட்டு, கேஸ் என்று குதித்துக்கொண்டிருந்தபோது, மாடிப்படியில் மீன்வாடை ஏறி வந்தது. பின்னாலேயே ஒரு அம்மாள், இடுப்பில் காலிக் கூடை. அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோடு சுவராக, முட்டை அட்டையிலேயே சாய்ந்துவிட்டார். “என் சத்தத்தைப் புடிச்சு வச்சிருக்கது யாரு?” என்றாள் அந்த அம்மாள். பெயர் பிரகாசியம்மா, ஊர் கடற்கரை உவரி. அதிகாலை பஸ்ஸில் மீனோடு வந்து தச்சநல்லூரில் விற்கிறவள். நான் ஒன்றும் புரியாமல் நிற்க, அவள் கூடையைக் கீழே வைத்து, தொண்டையைக் கனைத்து, ஒரு கூவல் கூவினாள். அதே குலுக்கு! ஆனால் பக்கத்தில் நின்று கேட்கும்போது வார்த்தை தெளிவாக விழுந்தது. ‘தாயேய்’ இல்லை. ‘சாளேய்’. சாளை மீன்! ‘சூ’ என்னவென்று மெதுவாகக் கேட்டேன். “பூனை ஏய்யா. கூடையில வாய வச்சிட்டு.”

எங்கள் பூஜை அலமாரியும் கற்பூரமும் என் கண்முன்னால் சுற்றின. சைவ வீட்டில் பிறந்த காதுக்குச் சாளையாவது, நெத்திலியாவது! பணம் ஏதும் வேண்டுமா என்று திக்கித் திணறிக் கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. “உம்ம பணம் யாருக்கு வேணும்? இருவது வருசமா இந்தக் கூவலு கூவுதேன். கண்ணு தெரியாத கிழவிகூட இது பிரகாசி சத்தம்னு சட்டியோட வருவா. இப்ப கூவுனா தெருவே ‘சூ’ங்குது. முந்தாநாளு புதுசா குடிவந்தவ ஒருத்தி சன்னல்ல தலைய நீட்டி, ‘கேசட்டுப் பாட்டப் பாடியா மீன் விக்கே? எந்தக் கேசட்டு?’ங்கா. எங்கிட்டயே கேக்கா ஏய்யா, எந்தக் கேசட்டுன்னு!”

மேலே இருக்கிறவர்

எந்தப் படம் என்ற கேள்வியில் வெந்தவன் நான். அதே சூட்டை இன்னொருத்திக்குப் போட்டுவிட்டேனே என்று நினைத்தபோது அவமானமாக இருந்தது, ஒளிக்கவில்லை. வெளியூர்க்காரரைத் திட்டின வாய் தானாக மூடிக்கொண்டது. அண்ணாச்சியிடம் போய், அடுத்த அட்டையில் அந்த அம்மாள் பெயரும் வர வேண்டும் என்றேன். “அம்மன் கேசட்ல மீன்காரி பேரா?” என்று அலறினார். “சுவரு பூரா முட்டை இருக்கு, அட்டையில ஒரு மீன் இருந்தா என்ன அண்ணாச்சி? அவ பேரு வராட்டா என் பேரையும் எடுத்துரும்” என்றேன். என் பெயருக்காக நான் எத்தனை வருஷம் நாயாக அலைந்தேன் என்று அவருக்குத் தெரியும். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

புது அட்டை வந்தது. ‘இசை: காந்திமதிநாதன்’. அதற்குக் கீழே, ‘குரல்: பிரகாசியம்மாள், உவரி’. ஈரம்கூடக் காயாமல் எடுத்துக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினேன். பிரகாசியம்மா கையைச் சேலையில் துடைத்து, அட்டையை வாங்கி, விரலை வைத்து எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் படித்தாள். இரண்டாம் தரம் சத்தமாகப் படித்தாள், சட்டியோடு நின்ற பெண்களுக்குக் கேட்கிற மாதிரி. முகம் அப்படி மலர்ந்தது! அப்புறம் விரல் மேலே ஏறி என் பெயரில் நின்றது. “எம் பேரு சரியா இருக்கு ஏய்யா. இந்த மேல இருக்கவரு யாரு? அவரு எந்தத் தெருவுல கூவுதாரு?”

ஆக, கூவல் பிரகாசியம்மாவுடையது, ‘சூ’ பூனைக்குச் சொன்னது, பீஜாட்சரம் வெளியூர்க்காரருடையது என்று எல்லாம் போக, அந்தப் பாட்டில் எனக்கே எனக்கென்று மிஞ்சியது சாளையைத் தாயே என்று கேட்ட இந்தச் செவிட்டுக் காது ஒன்றுதான்.