வாசித்தால் உருட்டும் விரல்கள்

“ஏன் மதினி, தரையில உக்காந்தே வளந்த புள்ள. ஆபீஸ் நாற்காலியில எம்புட்டு நேரம் உக்காந்திருவா?”

நான் பட்டம் வாங்கிய வாரம் அத்தை என் அம்மாவிடம் கேட்டாள். உட்காரக் கல்லூரி பெஞ்சிலேயே பழகிவிட்டேன். வினை என் கைகளில் இருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சிவகாசியிலிருந்து வேன் வந்து தாள்கட்டுகளை இறக்கிவிட்டுப் போகும். வெடிக்கான காகிதக் குழாய்களை வீட்டிலேயே உருட்டிக் கொடுப்போம். தீபாவளி சீசனில் யார் கைக்கும் ஓய்வு கிடையாது. பாடப் புத்தகத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொள்வேன். கண் வாசிக்கும், கை உருட்டும். கையைச் சும்மா வைத்துக்கொண்டு படித்ததாக நினைவே இல்லை. அப்படியும் வகுப்பில் முதலாவதாக வந்தேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு.

மதுரையில் ஒரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு. வாடிக்கையாளர் ஒருவரின் புகாரை ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்து, வாசித்துவிட்டுப் பதில் சொல்லச் சொன்னார்கள். வாசித்தேன். நன்றாகவே புரிந்தது. நிமிர்ந்தபோது எதிரே இருந்த மூவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தத் தாள் என் கையில் சுண்டுவிரல் கனத்தில் இறுகிய குழாயாக இருந்தது. ஓரத்தை ஒட்ட, பசையைத் தேடி ஒரு விரல் மேசைமேல் அலைந்துகொண்டிருந்தது.

“என்னம்மா பண்றீங்க?” என்றார் நடுவில் இருந்த பெண் அதிகாரி. பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார். தாளை விரித்து வைத்தேன். மறுபடி சுருண்டுகொண்டது. காது வரை சுட்டது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அதன்பிறகு தெரிந்த பதில்கூட வாயில் வரவில்லை. வேலையும் கிடைக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். உருட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இறுக்கமா உருட்டுனியாத்தா?”

“அம்மா.”

“இல்ல, லூசா இருந்தா திருப்பி அனுப்பிருவாகல்ல. அதான் கேட்டேன்.”

என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னாள். நான் அவள் கைகளைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் பங்கையும் சேர்த்து உருட்டி, பரீட்சை நாட்களில் என்னைப் பள்ளிக்கு அனுப்பிய கைகள். அந்த அலுவலகத்தில் கூசியதைவிட அதை நினைத்தால் அதிகம் கூசுகிறது.

மறுநாள் காலை அந்தக் கம்பெனிக்குப் போன் செய்து, அந்தப் பெண் அதிகாரியிடம் பேச வேண்டும் என்றேன்.

“தாளை உருட்டின பொண்ணு பேசுறேன் மேடம். எங்க வீட்ல வெடிக்குக் குழாய் உருட்டுறோம். சின்னதுல இருந்தே உருட்டிக்கிட்டே படிச்சுப் பழக்கம். இன்னொரு தடவை வாசிக்க விடுவீங்களா?”

மற்ற இருவரிடமும் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னவர், என் எண்ணைக் கேட்டார். நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.