பச்சை விளக்கை நம்பாத அனகா டோங்க்ரே

புனேயில் அனகா டோங்க்ரே குடியிருக்கும் கட்டடத்து வாசலில் ஒரு பலகை உண்டு. "இங்கே வண்டி நிறுத்தினால் சக்கரத்தில் காற்று இருக்காது. எதிர்க் கடையில் பம்ப் கிடைக்கும். கடை ஒன்று முதல் நான்கு வரை மூடியிருக்கும். தங்களுக்கு நேரம் இருந்தால் தாராளமாக நிறுத்தவும்." எழுதியது அனகாவேதான். அதைப் படித்துச் சிரித்துவிட்டு வண்டியை நிறுத்தியவன் நான். திரும்பி வந்து பார்த்தால் காற்று இல்லை. அப்போது மணி ஒன்றரை.

அவர் இருக்கும் பழைய வட்டாரமான நாராயண் பேட்டைக்காரர்களுக்கு இப்படிப் பலகை எழுதுவது ரத்தத்தில் ஊறியது. அனகா அதை ஆபீசுக்கும் கொண்டு வந்துவிட்டார் என்பதுதான் எங்கள் துரதிர்ஷ்டம்.

எங்கள் ஆபீஸ் பாணேரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஆறாவது மாடி. சம்பளம் தருவது ஒரு கம்பெனி. ஆனால் நாங்கள் எழுதும் மென்பொருள் ஊருக்குப் பொது. சொந்தமாகக் கிளவுட் நடத்த, அதாவது பெரிய இயந்திரங்களுக்குள் பலருக்குத் தனித்தனிக் கணினிகளை உருவாக்கித் தர நினைக்கிற யாரும், பல்கலைக்கழகமோ ஆஸ்பத்திரியோ, அதை எடுத்து ஓட்டலாம். உலகத்தில் எந்த மூலையில் இருப்பவரும் அதில் திருத்தம் செய்து அனுப்பலாம். ஒரே ஒரு கட்டுப்பாடு: எந்தத் திருத்தத்துக்கும் இரண்டு பேர் படித்துப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிடிக்காவிட்டால் மைனஸ் ஒன்று போட்டுக் காரணம் எழுதலாம். அந்தக் காரணம் எழுதும் பெட்டிதான் அனகாவின் பலகை.

பிரேசில்காரர் ஒருவருக்கு எழுதினார்: "இது தங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. தங்கள் கணினியை எல்லோருக்கும் அனுப்பிவைக்கவும். மைனஸ் ஒன்று." போலந்தில் இருக்கும் விதோல்டுக்கு எழுதினார்: "சோதனை எதுவும் எழுதாமல் அனுப்பியிருக்கிறீர்கள். தன்னம்பிக்கை பாராட்டத்தக்கது. மைனஸ் ஒன்று." இத்தனைக்கும் விதோல்ட்தான் அப்போது எங்கள் திட்டத்தின் தலைவர்.

ஆபீசில் எல்லோருக்கும் அவர் அனகா தாயி, அதாவது அக்கா. நாற்பத்தாறு வயது. காலையில் கண் மட்டும் தெரியும்படி முகம் முழுக்கத் துணி சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். அந்தத் துணியை அவிழ்ப்பதற்குள் இரண்டு பேரைத் திட்டியிருப்பார்.

அவர் கவனிப்பது மேம்படுத்தல் சோதனை. நான்கைந்து மாதத்துக்கு ஒரு முறை எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு வெளிவரும். பழையது ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில், ஓட்டத்தை நிறுத்தாமல், புதியதை ஏற்ற வேண்டும். குடித்தனக்காரர் உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும்போதே வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை. அது சரியாக நடக்கிறதா என்று பார்க்க அனகாவின் சோதனை முதலில் பழைய பதிப்பை நிறுவும். அதற்குள் ஒரு சின்ன கணினியை உருவாக்கி, அதன் வட்டில் ஒரு கோப்பை வைக்கும். பிறகு மேலே புதுப் பதிப்பை ஏற்றும். கடைசியில் எட்டிப் பார்க்கும்: கணினி உயிரோடு இருக்கிறதா, கோப்பு இருக்கிறதா? இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. அந்தக் கணினிக்கு அனகா வைத்த பெயரே குடித்தனக்காரர்தான். கோப்பின் பெயர் வாடகை ஒப்பந்தம். போலந்திலிருந்தும் பிரேசிலிலிருந்தும் "இன்று குடித்தனக்காரர் சௌக்கியமா?" என்று விசாரித்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பார்கள்.

அந்த வருஷம் தலைவர் தேர்தலில் அனகா நின்றார். நிறுத்தியது நான். ஐந்து வருஷமாக விதோல்ட் எதிர்ப்பே இல்லாமல் தலைவராக இருந்தார். தங்கமான மனிதர். ஆனால் சோதனை சிவப்பாக இருந்தாலும் "அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வெளியிட்டுவிடுவார். சிவப்பு என்றால் வெளியீடு நிற்க வேண்டும், அதை விதியாகவே எழுத வேண்டும் என்பது அனகாவின் பதினொரு வருஷ ஆசை. தலைவரானால்தான் அது நடக்கும். தேர்தல் அறிக்கையாக இரண்டே வரி எழுதினார்: "பதினொரு வருடங்களாக வேண்டாம் என்று சொல்லி வருகிறேன். தலைவரானால் இன்னும் உரக்கச் சொல்வேன்." ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஓட்டுரிமை உள்ளவர்கள் எண்பத்தொரு பேர். திங்கட்கிழமை ஆரம்பித்து சனிக்கிழமைவரை ஓட்டு.

அலட்டிக்கொள்ளாத மாதிரி இருந்தாரே தவிர, உள்ளுக்குள் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தினமும் காலையில் என் மேஜைக்கு வந்து நிற்பார்.

"பிரேசில்காரன் போட்டிருப்பானாடா?"

"ரகசிய ஓட்டு தாயி. எனக்கு எப்படித் தெரியும்?"

"அவனோட பதினேழு திருத்தத்தைத் திருப்பி அனுப்பியிருக்கேன்."

"அப்ப போட்டிருக்க மாட்டான்."

"இல்லடா. பதினெட்டாவதை ஏத்துக்கிட்டேனே."

வியாழக்கிழமை வந்தது. வியாழக்கிழமை பழுதுபார்ப்புக்காக ஊரில் கரண்ட் போகும் என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்பவர்களும் ஆபீசுக்கு வந்துவிடுவார்கள், ஜெனரேட்டர் தயவில். அனகாவுக்கு அன்று விரதம். ஜவ்வரிசி உப்புமா டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்பூனோடு சோதனையின் பதிவேட்டைப் படித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் பச்சையா சிவப்பா என்று பார்ப்பதோடு சரி. பச்சையாக வந்ததையும் திறந்து வரி வரியாகப் படிக்கிற பிறவி அவர் ஒருவர்தான்.

"துஷார், இந்தச் சோதனை முன்னாடி அம்பது நிமிஷம் ஓடும். இப்ப முப்பத்திரெண்டுல முடியுது. ஏன்?"

"நான் வேகமாக்கினேனே தாயி. ஏப்ரல்ல எல்லாருக்கும் மெயில்கூடப் போட்டேனே."

"போட்ட. அதுலேர்ந்துதான் எனக்கு உறுத்துது. நீ வேகமாக்கினது ரெண்டு நிமிஷம். மிச்சம் பதினாறு நிமிஷம் எங்க போச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. உண்மையில் எனக்கும் தெரியாது. கிடைத்த பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனார். ஸ்பூன் பாதி வழியில் நின்றது. திரையில் "மாற்ற எதுவும் இல்லை" என்ற வரி நூறு தடவை இருந்தது.

விஷயம் இதுதான். ஒவ்வொரு பதிப்பும் வெளிவந்ததும், "இனிமேல் பழையது என்றால் எது" என்று சோதனையில் ஒரு வரியை மாற்ற வேண்டும். மார்ச்சில் ஒரு தானியங்கி நிரல் நாற்பது வரித் திருத்தம் ஒன்றை அனுப்பியது. அதில் அந்த ஒரு வரி தப்பு. பழையது என்ற இடத்திலும் புதுப் பதிப்பின் பெயர், புதியது என்ற இடத்திலும் அதே பெயர். ஆக நான்கு மாதமாக எங்கள் சோதனை புதியதை நிறுவி, அதன்மேல் அதே புதியதை ஏற்றி, "ஆகா, ஒரு சேதமும் இல்லை" என்று பச்சை காட்டிக்கொண்டிருந்தது. போட்டிருந்த சட்டையைக் கழற்றி அதையே திரும்ப மாட்டிக்கொண்டு "புதுச் சட்டை எப்படி?" என்று கேட்ட கதை. வெளியீட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

தானியங்கி அனுப்புவதை யாரும் முழுதாகப் படிப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒப்புதல் கொடுப்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உள்ள வியாதி. அந்தத் திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தவர் யார் என்று திறந்து பார்த்தார். முதல் பெயர் அனகா டோங்க்ரே.

"குடீ பாட்வாவுக்கு முதல் நாள்" என்றார் மெதுவாக. மராட்டியப் புத்தாண்டு அது. "ஸ்ரீகண்ட் வாங்க வரிசையில நின்னேன். போன்லயே பட்டனை அமுக்கினேன்."

இரண்டாவது பெயர் துஷார் பகாடே. அது நான். எனக்கு ஸ்ரீகண்ட் சாக்குகூடக் கிடையாது.

நான் குரலைத் தாழ்த்தினேன். "தாயி, சனிக்கிழமை ஓட்டு முடியுது. ஞாயித்துக்கிழமை சத்தமில்லாம அந்த ஒரு வரியை மாத்திடுவோம். வெளியீட்டுக்கு அப்பவும் ஆறு நாள் இருக்கு. இப்ப சொன்னா நீங்க தோத்துடுவீங்க. பதினொரு வருஷம் எல்லாரையும் குட்டினவங்க நீங்க. குட்டு வாங்கினவன் ஒவ்வொருத்தனும் காத்துக்கிட்டு இருக்கான்."

"அந்த மூணு நாளுக்குள்ள எவனாவது முந்திக்கிட்டு எடுத்து ஏத்திட்டான்னா?"

"வெளிவராததை எவன் ஏத்துவான்?"

"அப்படிப்பட்ட அறிவாளிங்க இருக்காங்கடா. எதிர்லயே ஒருத்தன் உக்காந்திருக்கான்."

நான் அவருக்காகத்தான் பேசினேன் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், பாதி எனக்காகவும் பேசியிருக்கிறேன்.

அவர் அந்த வரியைத் திருத்திச் சோதனையை ஓட விட்டார். இரண்டு தடவை டீ குடித்தோம். காரி பிஸ்கட்டை டீயில் தோய்த்து, அது உடைந்து உள்ளே விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை. சரியாக நாற்பத்தெட்டு நிமிஷம். சிவப்பு.

கணினி உயிரோடு இருந்தது. அதன் வட்டைக் காணோம். வாடகை ஒப்பந்தமும் போய்விட்டது. இது அப்படியே வெளியே போயிருந்தால், அங்கங்கே யார் யாருடைய கோப்புகளெல்லாமோ இதேபோலப் போயிருக்கும்.

"குடித்தனக்காரர் போயிட்டார்" என்றார் அனகா. சிரிப்பு வரவில்லை எங்களுக்கு.

உலகம் முழுக்கப் போகிற பொது மெயிலைத் திறந்தார். எழுத நாலு நிமிஷம்கூட ஆகவில்லை.

"அறிவிப்பு. கடந்த நான்கு மாதங்களாக நமது மேம்படுத்தல் சோதனை எதையும் சோதிக்கவில்லை. பச்சையாக இருந்தது உண்மை. பாசியும் பச்சைதான். தவறான திருத்தத்தைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தவர்கள் இருவர். ஒருவர் அனகா டோங்க்ரே. அச்சமயம் இனிப்புக்கடை வரிசையில் இருந்தார். மற்றவர் எழுதப் படிக்கத் தெரிந்தவர், தாமே எழுதிக்கொள்வார். உண்மையான சோதனையில் வட்டு தொலைகிறது. வெளியீட்டை நிறுத்தவும்."

விரல் பட்டன்மேல் இருந்தது. என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ஜெயிச்சிருப்பேன்டா. இந்தத் தடவை நிஜமாவே ஜெயிச்சிருப்பேன்." அமுக்கிவிட்டார்.

அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அடுத்த அரைமணியில் நானும் மூன்று வரி எழுதி அனுப்பினேன். வேகமாக்கியதாக நான் பீற்றிக்கொண்டதையும் அதில் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பதில்கள் வந்து குவிந்தன. விதோல்ட் நல்ல மாதிரி எழுதினார்: வெளியீட்டை நிறுத்திவிட்டேன், நானும் அந்தப் பதிவேட்டைத் திறந்ததே இல்லை. பிரேசில்காரர் ஒரே கேள்வி கேட்டிருந்தார்: "ஸ்ரீகண்ட் நன்றாக இருந்ததா?" அனகா அதற்கு மட்டும் உடனே பதில் போட்டார்: "புளித்திருந்தது."

வட்டு தொலைகிற காரணத்தை விதோல்டும் நானும் ஆறு நாளில் கண்டுபிடித்தோம். ஆனால் தேர்தல் முடிவு அதற்கு முன்பே, திங்கட்கிழமை காலையில் வந்துவிட்டது. விதோல்ட் நாற்பத்தொன்று, அனகா நாற்பது.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஒரு ஓட்டு! பத்து ஓட்டில் தோற்றிருந்தால்கூட மனசு ஆறும். எங்கள் ஆபீசில் ஓட்டு உள்ளவர்கள் ஏழு பேர். ஒவ்வொரு மேஜையாகப் போய் விசாரித்துவிட்டு அனகாவிடம் வந்தேன். அப்போதுதான் முகத்துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு ஓட்டு தாயி! ஒருத்தன் மாத்திப் போட்டிருந்தா நீங்கதான் தலைவர். நம்ம ஆபீஸ்ல எல்லாரும் உங்களுக்குத்தான் போட்டேன்னு சத்தியம் பண்றாங்க. ஏழு பேரும்."

"ஆறு பேரை விசாரிச்சிருப்ப."

"ஆமா, என்னையும் சேர்த்து ஆறு. உங்களை எதுக்கு விசாரிக்கணும்?"

அவர் துணியை நிதானமாக நாலாக மடித்தார்.

"விதோல்டுக்குப் போட்டேன்" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தேன்.

"அப்படிப் பார்க்காதடா. வெள்ளிக்கிழமை ஓட்டுச் சீட்டைத் திறந்தேன். ரெண்டு பேரு இருந்தது. ரெண்டுல ஒருத்தர் படிக்காம ஒப்புதல் கொடுத்தவங்கன்னு எனக்குத் தெரியும். அந்த இடத்துல வேற யார் பேரு இருந்திருந்தாலும் நான் யாருக்குப் போட்டிருப்பேன், சொல்லு?"

"ஆனா ஆசைப்பட்டீங்களே தாயி!"

"ரொம்ப ஆசைப்பட்டேன். நேத்து ராத்திரி சாப்பாடே இறங்கல." மடித்த துணியைப் பைக்குள் வைத்தார். "அடுத்த வருஷமும் நிப்பேன். அதுக்குள்ள அந்தப் பொம்பளை திருந்திட்டாளான்னு பார்த்துட்டு ஓட்டுப் போடறேன். போ, போய் வட்டைத் தேடு."

அன்று மத்தியானம்வரை நான் அவரோடு பேசவில்லை. அவர்மேல் கோபம் என்று ஆபீசில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கோபம் அவர்மேல் இல்லை. அதே வரியை அவரைப்போலவே படிக்காமல் விட்டவன் நான். நான் தேர்தலில் நின்றிருந்தால் எனக்கேதான் போட்டுக்கொண்டிருப்பேன்.