பின் சீட்டில் இருந்த ஹேர்பின்

தப்பும் தவறுமாத்தான் எழுதுவேன், மறதியும் ஜாஸ்தி. பொறுத்துக்கோங்க.

கூடுவாஞ்சேரி வீட்டு வாசல்ல என் பையன் போனைப் பார்த்துப் பார்த்து, அவனே காருக்குப் புது சீட் கவர் ஒட்டுறான். ரெக்ஸின் வாசனை வந்ததும் எனக்கு அப்பா ஞாபகம் வந்துடுச்சு.

அப்பா டாக்ஸி ஓட்டினார். தம்பியைப் பெத்துக்க அம்மாவை அந்த வண்டியிலதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். தம்பி வந்தான், அம்மா வரலை. மறுவாரமே அப்பா பின் சீட்டைக் கழட்டி வாசல்ல போட்டு, ரெக்ஸின் மாத்த உட்கார்ந்தார்.

"பொண்டாட்டிக்குப் பதினாறு கூட முடியலை, வண்டிய ஜோடிச்சிகினு கீறான் பாரு!"ன்னு அவரோட அக்கா கத்தினாங்க.

"கறை கீதுக்கா. ஜனங்க எப்படி ஏறும்?"னார் அப்பா.

பழைய உறையை உரிச்சப்போ இடுக்குல அம்மாவோட ஹேர்பின் இருந்துச்சு. நான் கையை நீட்டினேன். அப்பா குடுக்கலை. அதைப் பஞ்சுக்குள்ளயே வெச்சு, மேல ரெக்ஸினை இழுத்து ஆணி அடிச்சார். பின்னால வண்டியை வித்தப்போ அதுவும் கூடவே போயிடுச்சு.

"கையை எடும்மா, பசை ஒட்டிக்கும்"ங்கிறான் பையன். சீட் இடுக்குல நான் துழாவிக்கிட்டு இருந்திருக்கேன்.

அந்த ரெக்ஸின் பச்சையா நீலமான்னு எனக்கு நிச்சயமாத் தெரியலை. கீழ்க்கட்டளையில எங்க அக்கா இருக்கா, யாராச்சும் அவளைக் கேட்டுத் திருத்திடுங்க.