எட்டு சீசா, ஒரே குழாய்

நகராட்சித் தண்ணீர் அலுவலகத்தில் அவளுக்குச் சீசாக்காரி என்றுதான் பெயர். செவ்வாய்க்கிழமைதோறும் எட்டு இடத்துக் குழாய்த் தண்ணீரை எட்டு சீசாக்களில் பிடித்து, சீட்டு ஒட்டி, பதினொரு மணிக்கு வரும் பரிசோதனைக்கூட வண்டியில் ஏற்றிவிட வேண்டும். ஆறு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஆஸ்பத்திரி. இது ஒரு வேலையா என்று கேட்பவர்கள், அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஒரே ஒரு தடவை ஊரைச் சுற்றி வரட்டும், அப்புறம் பேசலாம்.

முதல் மூன்று மாதம் அவளும் ஒழுங்காகத்தான் சுற்றினாள். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு ஒரு செவ்வாய் அடைமழை. வண்டிக்காரர் வந்து ஹாரன் அடிக்கிறார், இரண்டு சீசா இன்னும் காலி. அலுவலகத்துக்குப் பின்னால், மேல்நிலைத் தொட்டிக்கு அடியிலேயே ஒரு குழாய் இருந்தது. எங்கே பிடித்தாலும் இந்தத் தொட்டித் தண்ணீர்தானே என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டு இரண்டையும் அங்கேயே நிரப்பினாள். அடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த மாதம் எட்டுமே. சீட்டு எழுதுவதில் மட்டும் ஒரு பிசகு கிடையாது, எழுத்து முத்து முத்தாக இருக்கும். எட்டு இடத்துக்கும் அச்சு அசலாக ஒரே முடிவு வந்தது, பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதிய பரீட்சைத் தாள் மாதிரி. அதைக் கவனிக்கப் பரிசோதனைக்கூடத்தில் ஒரு புண்ணியவானுக்கும் நேரமில்லை. இப்படியே இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அன்றைக்கும் செவ்வாய்தான். காலையில் மருந்துக்கடைக்காரர் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார், கடைசித் தெருவிலிருந்து வீட்டுக்கு ஒருத்தர் வந்து வாந்திபேதிக்கு மருந்து வாங்கிப் போகிறார்களாம். கடைசித் தெருவில்தான் அவளுடைய அக்கா வீடு. அக்காவின் நாலு வயது மகளுக்கு வாந்தி என்று முந்தின நாள் போன் வந்தது. கண்டதைத் தின்றிருக்கும், விடு என்று இவள்தான் சொல்லி வைத்துவிட்டாள்.

சீசாக்களை அப்படியே போட்டுவிட்டு, சோதனைக் குழலையும் மருந்துப் புட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தண்ணீரில் ஐந்து சொட்டு விட வேண்டும். குளோரின் இருந்தால் மஞ்சள் ஏறும், இல்லாவிட்டால் நிறமே மாறாது. இரண்டாம் தெருவில் நல்ல மஞ்சள். அப்பாடா என்றிருந்தது. நான்காம் தெருவில் வெளுத்துப்போன மஞ்சள். ஐந்தாம் தெருவில் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனாள். கடைசித் தெரு முனையில் தண்ணீர்க் குழாய் சாக்கடையில் இறங்கி மறுபக்கம் ஏறுகிறது. இணைப்பில் யாரோ சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். அந்த டியூபும் இற்றுப்போய்த் தொங்கியது. எப்போது கட்டியதோ, யாருக்குத் தெரியும்? மாதம் ஒரு தடவை வந்திருந்தால்கூட இது கண்ணில் பட்டிருக்கும்.

அக்கா வீட்டு வாசல் குழாயைத் திறந்து பிடித்தாள். ஐந்து சொட்டு விட்டாள். இன்னும் ஐந்து விட்டாள். தண்ணீர் அப்படியே இருந்தது. தொலைந்தோம் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

உள்ளே பாயில் குழந்தை துவண்டு கிடந்தது. உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்தது. அக்கா மருந்துக்கடைப் பொடியைக் கிண்ணத்தில் கரைத்து ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போவது எதுவும் தங்கவில்லை, ராத்திரியிலிருந்து ஊட்ட ஊட்ட அதிகமாகிறது என்றாள்.

"எந்தத் தண்ணியில கரைச்சக்கா?"

"குழாய்த் தண்ணிதான். நீ வேலைக்குச் சேர்ந்ததுமே கொதிக்க வைக்கிறத விட்டுட்டேனே. தெரு பூரா சொல்லி வச்சிருக்கேன், என் தங்கச்சி பார்த்து அனுப்புற தண்ணி, பயப்படாம குடிங்கன்னு."

அவளுக்குச் சட்டென்று ஒரு பொய் தோன்றியது. இன்றைக்குத்தான் குழாய் உடைந்தது என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? வேலையும் போகாது, மானமும் போகாது. அதற்குள் அக்கா அடுத்த ஸ்பூனைக் குழந்தையின் வாய்க்குக் கொண்டுபோனாள். இவள் பாய்ந்து கையைப் பிடித்தாள்.

"குடுக்காதக்கா. இந்தத் தெருத் தண்ணிய நான் ரெண்டு வருஷமா பிடிச்சதே இல்ல."

சீட்டில் தெருப் பேர் எழுதியது யார் என்று அக்கா கேட்டாள். நான்தான் என்றாள். அக்கா திட்டியிருந்தால்கூடத் தேவலை. கிண்ணத்தை ஓரமாக வைத்தாள், குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டாள். தலை நிற்கவில்லை, சரிந்து சரிந்து விழுந்தது. ஆட்டோவில் ஏறும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் யார் யார்கிட்ட உன் பேரச் சொன்னேனோ, அத்தனை பேர்கிட்டயும் போய் நீயே சொல்லு."

ஆட்டோ போனதும் இவள் அலுவலகத்துக்குப் போன் போட்டு அந்தத் தெருவுக்கான வால்வை மூடச் சொன்னாள். பிறகு ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், நான் பார்க்காமலே சீட்டு எழுதினேன் என்று வாசலுக்கு வாசல் சொன்னாள். ஒருத்தி முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினாள். பால்பாட்டிலும் கையுமாக வந்த இன்னொருத்தி பாட்டிலையே வெறித்துப் பார்த்தபடி நின்றாள். பத்தொன்பதாவது வீட்டு வாசலில் போன் அடித்தது. எடுக்கப் பயமாக இருந்தது.

சலைன் ஏறுகிறது, குழந்தை கண்ணைத் திறந்துவிட்டது என்று அக்கா சொன்னாள். இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி கேக்குறா. கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார். இங்க வராந்தாவுல ஒரு குழாய் இருக்கு," என்றாள் அக்கா. "ஆஸ்பத்திரியும் உன் எட்டுல ஒண்ணுதானே? இதக் குடுக்கலாமா?"

ஆஸ்பத்திரி என்று முத்து முத்தாக எழுதிய சீட்டுதான் கண்முன் வந்தது. அந்தக் குழாய் எப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்துவிட்டது.

"தெரியலக்கா," என்றாள். "கொதிக்க வச்சது கிடைக்கிற வரைக்கும் குடுக்காத."

அக்கா போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் குழந்தை தண்ணி, தண்ணி என்று கேட்டுக்கொண்டே இருந்தது.