எண்ணிக்கையில் வராத சீட்

கடற்கரை ஊர்களையும் அங்கிருக்கும் காடுகளையும் சுற்றிக்காட்டும் பஸ்ஸில்தான் கைடு அக்காவை முதன்முதலாகப் பார்த்தேன். எங்கள் பரம்பரையிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். வேலைக்குச் சேர்ந்ததும் செய்த முதல் காரியம், கடலையே பார்த்திராத அப்பாவையும் அம்மாவையும் அந்தச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போனதுதான். புறப்படும் நேரத்தில் அப்பா முகம் கழுவப் போய்விட்டார். ஒரு விசில் சத்தம் அவரை ஓட்டமாக ஓடிவர வைத்தது.

"போலீஸாடா?" என்றார், மூச்சு வாங்க.

"கைடுங்க ஐயா. உங்கள விட்டுட்டுப் போனா என் வேலை போயிடும், அதான்" என்றார் விசிலுக்குச் சொந்தக்காரி.

எந்த ஊரில் நின்றாலும், கிளம்பும்முன் கடைசி வரிசையிலிருந்து முன்னால் நடந்து வருவார். சீட்டின் முதுகை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே உதடு அசைய எண்ணுவார். முப்பத்தி நாலு வந்தால்தான் "போலாம்ண்ணே" என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு தலையும் குறைந்ததில்லை என்று டிரைவர் தன் சாதனையைப் போலச் சொல்லிக்கொண்டார்.

டிரைவருக்குப் பின்னால் ஒற்றை சீட் ஒன்று உண்டு. மாற்று டிரைவர் தூங்குவதற்கான இடம் என்பதால் எண்ணிக்கையில் வராது. அந்தத் தடவை அவர் லீவு. அதில் ஒரு அம்மாள், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, யாரோ கட்டாயப்படுத்தி ஏற்றிவிட்டதைப் போல உட்கார்ந்திருந்தார். கைடு அக்காவின் மாமியார்.

பக்கத்து வரிசையில் எங்கள் அம்மா. கேட்க வேண்டுமா? முதல் ஊர் வருவதற்குள் அவர்கள் வீட்டுக் கதை மொத்தமும் அம்மாவின் கைக்கு வந்துவிட்டது.

"மாசத்துல பாதி நாள் இவ ஊர் சுத்தறா. புள்ளைய நான் பார்த்துக்கணும்."

"வேலைதானேங்க?"

"கடலக் காட்டறது ஒரு வேலையா? கண்ணு இருக்கறவன் தானா பார்த்துக்க மாட்டானா?"

கைடு அக்கா வீட்டில் சொல்லியிருந்தாராம்: "ஒரே ஒரு தடவ கூட வந்து பாருங்க அத்தை. அப்பவும் வேணாம்னா விட்டுடறேன்." அந்தப் பேச்சை நம்பித்தான் மாமியார் பேத்தியை மகன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தார். வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

துறைமுக ஊரில் கலங்கரை விளக்கத்தைப் பார்க்க எல்லோரும் இறங்கினோம். அவர் இறங்கவில்லை. உப்பளங்கள் சூழ்ந்த அடுத்த ஊரிலும் அப்படியே. ஆனால் பார்வை மட்டும் மருமகளை விட்டு நகரவில்லை. வாந்தி எடுத்த குழந்தைக்கு மருமகள் முகம் துடைத்துவிட்டதையும், விடுதியில் வெந்நீர் வரவில்லை என்று கத்தியவரிடம் சிரித்துக்கொண்டே வாளி தூக்கிக் கொடுத்ததையும் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "ம்" போட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் தேசியப் பூங்கா. காடு மணல்வரைக்கும் வந்து கடலைத் தொடும் இடம். இரவு விடுதிகளைத் தவிர மாமியார் முதன்முறையாக இறங்கியது அங்கேதான், கால் மரத்துவிட்டது என்று. காவல் கோபுரத்தில் ஏறி நின்று எல்லோரும் மானைத் தேடினோம். ஒரு வால்கூடக் கண்ணில் படவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஏறினோம். கைடு அக்கா தட்டிக்கொண்டே வந்தார். முப்பத்தி நாலு. "போலாம்ண்ணே."

வெகுதூரம் போனபிறகு, பிஸ்கட் நீட்டலாம் என்று திரும்பிய அம்மா அலறினார். "அம்மாடி! உங்க மாமியாரக் காணோமே!"

ஒற்றை சீட்டில் கைப்பை மட்டும் இருந்தது. போனும் அதற்குள்.

கைடு அக்கா கம்பியைப் பிடித்தபடி நின்றார். "வேலை போச்சுண்ணே."

"வேலையா? வீடே போச்சு தங்கச்சி" என்றார் டிரைவர். இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும் சாலை. பாலம் வரும்வரை வண்டியைத் திருப்ப இடமில்லை. திருப்பியதும் பின்னாலிருந்து ஒருவர், "அப்ப கடல் முனையில சூரியன் மறையறத எப்பக் காட்டுவீங்க?" என்றார்.

"சூரியன் நாளைக்கும் மறையும் சார். உட்காருங்க" என்றார் டிரைவர்.

பூங்கா வாசலில், வாச்சரின் பிளாஸ்டிக் நாற்காலியில், அவருடைய டீயைக் குடித்துக்கொண்டிருந்தார் மாமியார். கழிப்பறைக்குப் போய்த் திரும்புவதற்குள் வண்டி போய்விட்டிருக்கிறது.

"நான் அப்பவே போன் பண்றேன்னு சொன்னேங்க" என்றார் வாச்சர். "இவங்க விடல. என் மருமக தலைய எண்ணாம வண்டிய எடுக்கவே மாட்டா, நடு ராத்திரி ஆனாலும் ஒருத்தரயும் விட்டுட்டுப் போகமாட்டா, அவ மாதிரி யாரும் இல்லைன்னு ஒரே பெருமை."

கைடு அக்காவுக்குக் கண்ணீர் கொட்டியது.

"எண்ணுனியா?" என்றார் மாமியார்.

"எண்ணுனேன் அத்தை. சரியா இருந்துச்சு."

"அதுல நான்?"

"அந்த சீட்ட எண்ணறதில்ல அத்தை. டிரைவர் அண்ணன், நான், அந்த சீட்டு. எண்ணற பழக்கமே இல்ல."

மாமியார் டம்ளரை வாச்சரிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். "உன்னையே நீ எண்ணறதில்லையா? சரி, நட. கண்ணத் துடை."

அன்று மாலை மகன் போன் செய்தபோது மாமியார் தானே வாங்கிப் பேசினார். "மான் பார்த்தேன்டா. மூணு. நீங்க எல்லாம் சத்தம் போட்டுட்டுப் போனப்புறம்தான் வந்துச்சு." கடைசி வாக்கியம் பஸ்ஸுக்கு. தன்னை விட்டுவிட்டுப் போன கதையைப் பற்றி மகனிடம் மூச்சுகூட விடவில்லை.

பிரியும் நாளில் அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டேவிட்டார். "என்னங்க முடிவு பண்ணினீங்க? வேலைய விடச் சொல்லப் போறீங்களா?"

"எப்படிச் சொல்றது? முன்னப்பின்ன தெரியாத அந்த வாச்சர்கிட்ட அவ்வளவு பெருமையா பேசித் தொலைச்சிட்டேனே."

இப்போதும் கைடு அக்கா அதே தடத்தில்தான் போய்வருகிறார். மாமியார் வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறார். மாற்று டிரைவர் லீவு போடும் மாதங்களில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வண்டி ஏறிவிடுகிறாராம்.